தொப்பி போட்ட ஆர்மோனியக்காரன்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடிப்போச்சு.

அந்த ரோபோவை யார் செய்து தந்தது என்று கேட்டீர்கள். நானேதான். எனக்குப் படிப்பு கிடையாது, கம்ப்யூட்டரை நம்புகிற ஆளும் இல்லை. கார் வைப்பர் மோட்டார் ஒன்று துருத்தியை அசைக்கும். இன்னொன்று மர உருளையைச் சுழற்றும். உருளையில் நான் அடித்த ஆணிகள் தட்டத் தட்ட, இரும்பு விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளில் இறங்கும். தலைக்கு ஒரு தகர டப்பா, அதன்மேல் என் தம்பியின் தொப்பி. பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

தம்பி கல்யாணம் காட்சி இல்லாதவன். பட்டறை மாடியில் என்னோடுதான் இருந்தான். சாயங்காலமானால் ஆர்மோனியத்தில் ஒரே பாட்டு. அது ஒரு இடத்தில் உச்சிக்கு ஏறும். அங்கே அந்தச் சுரம் விடாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். தினமும்.

“ஒழுங்கா வாசிடா.”

“நான் என்னண்ணே பண்ண? நீ ஸ்பிரிங் மாத்தினதுலேர்ந்து கட்டை சிக்குது.”

“உன் விரல் சரியில்ல. பொட்டி மேல பழி போடாத.”

ஒருநாள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதற்கப்புறம் வீடு நிம்மதியாக இருந்தது. பட்டறைத் தரைக்குச் சிமெண்ட் போடுகிற வேலை ரொம்ப நாளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது, அதுவும் முடிந்தது.

பக்கத்து வீட்டு டெய்லரம்மாதான் விடவில்லை. “என்ன பெரியவரே, பாட்டையே காணோம்? தம்பிக்கு உடம்பு முடியலையா?”

அதற்காகத்தான் ரோபோ. முதல் நாளே பிரமாதமாக வாசித்தது. ஆனால் அதே இடம், அதே இழுவை. “உங்க தம்பி திருந்தவே மாட்டாரு!” என்று டெய்லரம்மா ஜன்னலில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே விட்டிருந்தால் உங்களுக்கு இந்த வேலையே இல்லை.

என்னால் அப்படி விட முடியுமா? நான் அடித்த ஆணி தப்பாது. பெட்டியைத் திறந்தேன். நான் போட்ட ஸ்பிரிங் வளைந்து கிடந்தது. மாற்றினேன். மறுநாள் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது.

“இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சரியா வாசிச்சிருக்காரு! கை குடுத்துட்டு வரேன்” என்று டெய்லரம்மா விறுவிறுவென்று மாடியேறிவிட்டார். அங்கே தொப்பிக்குக் கீழே தகர டப்பா.

ஆமாம், தம்பியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கட்டை சிக்குகிறது என்று அவன் சொன்னான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், நம்புகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.