கனவில் குடித்தவர்

மழை பிடித்திருந்த மதியம். குர்லாவில் ஏறி, செம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலில் கூட்டமில்லை. எதிர் இருக்கையில் இரண்டு பேர், திருநெல்வேலிப் பேச்சு. ஜன்னலோரம் இருந்தவர் தூக்கத்தில் பேசுவதைப் போல மெல்லச் சொன்னார்:

"மாப்ள, நேத்து கனவுல குடிச்சிட்டேன்."

நண்பர் சிரிக்கவில்லை. "எங்க வச்சி?"

"கடலுக்கு நடுவுல. தண்ணி மேல மேசை போட்டிருக்கு. கிளாஸ் தானா நிறையுது. நம்மகூட குடிச்சி செத்துப்போனவன்லாம் ஒவ்வொருத்தனா வந்து உக்காருதான்."

"பொறவு?"

"முழிச்சதும் நெசமாவே குடிச்சிட்டேன்னு நெனச்சி அழுதுட்டேன். பொண்டாட்டிய எழுப்பி, 'என் வாயை மோந்து பாரு'ன்னேன். பாத்தா. 'ஒண்ணுமில்ல, படுங்க'ன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தூங்கல."

மழையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"குடிய விட்டவங்க மீட்டிங்குக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்? நீ செம்பூர்ல இறங்கு. நான் சும்மா வாஷி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"ஏல, எனக்கும் அந்தக் கனவு வரும்."

"உனக்குமா?"

"இப்பவும் வருது. முன்னல்லாம் நெசமா குடிச்சிட்டு வந்து சிரிப்ப. இப்ப கனவுல குடிச்சதுக்கு அழுதிருக்க. அதைத்தான் அங்க வந்து சொல்லணும்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பூர் வந்தது. பாதி எழுந்த நண்பர் அவரைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வாஷிக்கே போவோம். திரும்பும்போது சேந்து இறங்குவோம். லேட்டா போனா ஒண்ணும் வெரட்ட மாட்டாங்க."

"சரி மாப்ள."

நான் இறங்கினேன். ரயில் நகரும்போது ஜன்னலில் பார்த்தேன். அவர் நண்பரின் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தார்.