ஆல்பத்தில் இல்லாத பொண்ணு

டிக்கோயா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில், ஹட்டன் ஸ்டூடியோவில் அப்போதுதான் வாங்கிய கல்யாண ஆல்பம்.

"என் கல்யாண ஆல்பத்துல நான் இல்லக்கா" என்றாள்.

மூத்தவள் புரட்டினாள். "இது நீதானே புள்ள? எவ்வளவு வெள்ளையா இருக்க!"

"அதத்தான் சொல்றேன். நெத்தியில கூடைக் கயிறு அழுத்துன தடத்தக் காணோம். கொழுந்து பறிச்சுக் கறுத்த வெரலையும் கம்ப்யூட்டர்ல வெளுத்துட்டாங்க. நான் கேக்கவே இல்ல."

"எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தானாமே."

"ஆமா, ஸ்டூடியோ பேஸ்புக்குல பாருங்க. எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. பின்னால நிக்கிற நம்ம தேயில மலை மட்டும்தான் நெசம்."

நானும் எட்டி அட்டையைப் பார்த்தேன். அட்டையில் இருந்த பெண் இந்த பஸ்ஸில் ஏறியிருக்கவில்லை.

"குவைத்துல வேல செய்ற ஒங்கம்மா பாத்துச்சா? கல்யாணத்துக்குத்தான் லீவு குடுக்கலியே."

"ஸ்டூடியோக்காரங்க என் போனுக்குப் போட்ட மொதப் படத்த, வந்த அன்னைக்கே அம்மாவுக்கு அனுப்பினேன். நான் மட்டும் நிக்கிற படம்."

"அழுதுச்சா?"

"அதுக்கு அழுகல. 'சேலக்கடை விளம்பரத்த எதுக்குடி அனுப்புற, ஒம் படத்த அனுப்பு'ன்னுச்சு."

மூத்தவள் ஆல்பத்தை மூடினாள். "நீ என்ன செஞ்ச?"

"மலையில கூடையோட நிக்கிற பழைய படம் ஒண்ணு இருந்துச்சு. அத அனுப்பினேன்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்குத்தான்க்கா அழுதுச்சு."