குமிழி வராத வியாழக்கிழமை

குடலைத் தைப்பதில் குறையாத கைத்திறமும், பிறர் பிழை பொறுப்பதில் பெருங்கடலன்ன மனமும் கொண்டவரே! டுலுத் நகரில் எங்கள் மூன்றாம் அறுவை அரங்கை முப்பத்தோர் ஆண்டுகள் ஆண்டுவிட்டு இன்று ஓய்வுபெறும் டாக்டர் மார்கிட் ஹால்வர்சன் அவர்களே! வணங்குகிறோம், வாய் கூசித்தான் வணங்குகிறோம்.

தைத்த குடலின் மேல் திசுப் பசை பூசினால் கசிவு குறையுமா என்று ஆராயப் புகுந்தீர்கள். "இது என்ன குடலா, உடைஞ்ச நாற்காலியா?" என்று கேலி செய்தோம். "நாற்காலி ஆடினா யாரும் சாக மாட்டாங்கப்பா" என்றீர்கள். இரும்புத்தாதுக் கப்பலில் சமைக்கும் ஐனார், அந்த ஆய்வுக்கு முதல் நோயாளியாக இசைந்து கையெழுத்திட்டார்.

அந்த வியாழக்கிழமை, அவருக்குத் தையல் முடிந்ததும் வயிற்றுக்குள் உப்புநீர் ஊற்றி, குடலுக்குள் காற்றடித்து, சைக்கிள் டியூபைப் பார்ப்பது போலப் பார்த்தோம். குமிழியே இல்லை. உறைந்த பசை இளகி வர இன்னும் இருபது நிமிடம் கேட்டீர்கள். வெளியே பனிப்புயல், எல்லாருக்கும் வீட்டு நினைப்பு. "அதான் ஒரு குமிழிகூட வரலையே, மார்கிட்! ரோட்ட அடைச்சிருவாங்க, மூடுங்க" என்றார் மயக்க மருத்துவர் கர்ட். செவிலியர் ரோசலின் பசைப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். நீங்கள் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தீர்கள், வயிற்றை மூடினீர்கள்.

ஐந்தாம் நாள் தையல் கசிந்தது. பதினொன்றாம் நாள் ஐனார் இறந்தார். பூசியிருந்தால் பிழைத்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அம்மா நீங்கள் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டீர்கள்!

மரண ஆய்வுக் கூட்டத்தில் "பசை ஏன் பூசலை?" என்றார் தலைவர். "முடிவு என்னோடது. என் பேரை மட்டும் எழுதிக்குங்க" என்றீர்கள். நாங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'முதலில் ஒழுங்காகத் தைக்கட்டும்' என்று சொல்லி உங்கள் ஆராய்ச்சியை முடக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரு சொல் குத்திக் காட்டாமல், பனிக்காலந்தோறும் காட்டரிசிச் சூப் காய்ச்சி எங்களுக்கே ஊற்றினீர்கள். அது எங்கள் தொண்டையில் இறங்கியது என்றா நினைக்கிறீர்கள்?

இன்று காலை அத்தலைவரிடம், அன்று உங்களை அவசரப்படுத்தியது நாங்களே என்ற உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், அறிவோம்.

நோயின்றி, நோவின்றி, நெஞ்சு நிறைந்து நெடுநாள் வாழ்க! இம்மடலைச் சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் விருப்பம்.

இவண்,
கர்ட் வெசலி — 'மூடுங்க' என்றவன்
ரோசலின் பெட்டெக் — பசையைத் திருப்பி அனுப்பியவள்
மூன்றாம் அரங்கின் மற்ற எண்மர் — வாய் திறவாதவர்கள்