இரண்டு மெஷினுக்கு ஒரு பெட்டி

தறாவீஹ் தொழுகையும் முடிந்தது, கரண்டும் போய்விட்டது. ஸஹர் சாப்பாடு வரைக்கும் உங்களை யார் மேய்ப்பது? சரி, கிட்ட வாருங்கள். ஷரிபுதீன், அந்த போன் வெளிச்சத்தை அணை. உன் முகத்தைப் பார்த்தால் பேயே பயந்து ஓடிவிடும்.

இது றிஸ்கானின் மச்சான் அஸ்ஹருக்கு நடந்தது. றிஸ்கான் இங்கேதான் இருக்கிறான், பொய்யென்றால் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்கால். பேய்க்கு இரவுதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஊரே ஜும்ஆ தொழுகையில். நிந்தவூரில் வயலுக்குப் போகிற வீதியில் ஈ காக்கை இல்லை... வெயில் மட்டும். அந்த வீதியின் கடைசியில்தான் அஸ்ஹரின் தளபாடப் பட்டறை.

மரத்தில் பூ வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷின் இரண்டு அங்கே. சி.என்.சி. என்பார்கள். பெரியதில் கதவு வெட்டுவார்கள். கொழும்பில் பழசாக வாங்கிய சின்னதில் கட்டில் தலைமாடு. ஆனால் இரண்டையும் ஆட்டிவைக்கிற கண்ட்ரோல் பெட்டி ஒன்றுதான். சில்லு வைத்த மேசையில் அதை இங்கும் அங்கும் தள்ளி, வயர்களைக் கழற்றி மாட்டுவார்கள். ஒன்று ஓடினால் மற்றது சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் மையித்து, அதாவது பிணம். அஸ்ஹரின் தம்பி றமீஸ் அந்த மையித்தின் மேல்தான் சோற்றுப் பார்சலை வைத்துத் தின்பான். அதன் கத்திக்குக் கீழே கையை விட்டுத் தூள் தட்டுவான். பயமே இல்லை.

அன்று றமீஸ் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். அஸ்ஹர் போகவில்லை. கலியாண வீட்டுக் கதவு அவசரம். பெட்டி பெரியதில் இருக்கிறது. தூரத்தில் பள்ளிவாசலின் குத்பா பிரசங்கம் கேட்கிறது...

ங்ங்ங்... டக்.

முதுகுக்குப் பின்னால். திரும்பினான். சின்னதின் தலை நகர்ந்துகொண்டிருந்தது. அதன் வயரெல்லாம் தரையில் கிடக்கிறது. அவசரமாகப் பெரியதை நிற்பாட்டினான். சின்னது நிற்கவில்லை. போனது... வந்தது... கத்தியை இறக்கி வெறும் பலகையைத் தொட்டது, தூக்கியது. யாரோ விரலால் இடம் பார்ப்பது மாதிரி. மரத்தூள் மணம் போய்க் கற்பூர மணம் வந்தது. மையித்துக் குளிப்பாட்டுகிற வீட்டு மணம்.

பள்ளிவாசலில் தொழுகை தொடங்க இகாமத் சொன்னதும் அது நின்றது.

அஸ்ஹர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஜும்ஆவை விட்ட வெட்கம். ஆனால் றமீஸின் கை அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. பட்டறையில் நிற்க முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தூக்கம் போய்விட்டது. கடைசியில் இன்னொரு பெட்டி வாங்கிவந்து சின்னதுக்கென்றே மாட்டி, றமீஸிடம் சொன்னான்.

"இனி ரெண்டும் உசிரோட கிடக்கிற சாமான். சும்மா கைய வெச்சிராத, கேட்டியா?"

"ஓம் காக்கா. ஒங்களுக்கென்ன, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

றமீஸ் சொன்னபடி நடந்தான். சொன்ன அஸ்ஹர்தான் மறந்தான். ஐந்து வருடப் பழக்கம் அல்லவா? ஒரு வியாழன், காலை பதினொரு மணி. றமீஸ் சின்னதை ஓட்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டால் பெரியது மையித்து... அஸ்ஹரின் கை தானாகவே பெரியதின் கத்திக்குக் கீழே போனது. பெரியதின் பெட்டியில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கு எந்த வேலையும் கொடுத்திருக்கவில்லை. றமீஸ் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான்.

சுட்டுவிரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில், விரலைக் கொண்டுவாருங்கள், ஒட்டிப் பார்க்கலாம் என்றார்கள். றமீஸ் ஓடிவந்து தூளையெல்லாம் அரித்தான். விரல் இல்லை... இரத்தம்கூட ஒரு பொட்டு இல்லை. பாவம், அழுதுகொண்டே தேடியிருக்கிறான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு றமீஸ், மையித்துகளை அடக்குகிற மையவாடிக்குப் போனான். உடம்பில் போன துண்டையும் மண்ணில் அடக்கத்தானே வேண்டும்? விரல் கிடைத்தால் எங்கே அடக்குவது என்று காவலாளி முகம்மது தம்பியிடம் கேட்டான். அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஸ்ஹர்ர விரல்தானே? அது அடக்கியாச்சே தம்பி. இண்டைக்கு விடியக்காலையில சுபஹு தொழுதிட்டு வாறன், ஒரு ஆள் வெள்ளைச் சீலையில சுத்திக்கொண்டு நிக்கிறார். பட்டறை ஆள் எண்டார். நான்தான் குழி வெட்டிக் குடுத்த."

சுவரோரத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் புது மண்.

விரல் போனது பதினொரு மணிக்கு.