ஜாமீன் கையெழுத்து

— என் கையெழுத்தா? ஏன் மாப்ள, கோம்பையில வேற ஆளே கிடைக்கலையா? அதைப் பாத்தா பேங்க்ல கதவைச் சாத்திப்புடுவாக.

— விளையாடாதீக மச்சான். கூடப்பொறந்த அக்கா வீட்டுக்காரரு நீங்க. உங்களை நம்பித்தான் பண்ணைப்புரத்துல இருந்து வந்திருக்கேன்.

— போடமாட்டேன்னு சொல்லல ஜஸ்டின். முதல்ல நான் பட்டதைக் கேளு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கிட்டு நல்லாத்தான் இருந்தேன். திடீர்னு முதலாளி ஆகணும்னு ஆசை. ஃபைனான்ஸ்ல பழைய ஜீப்பு ஒண்ணு எடுத்தேன். கண்ணாடியில 'ஆரோக்கியம் டிராவல்ஸ்'னு எழுத நாலாயிரம். அந்த நாலாயிரமும் கடன்!

— தெரியும் மச்சான். ஊரே பாத்துச்சே.

— ஊரு பாக்காததைச் சொல்றேன். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை சரிஞ்சு ஒரு மாசம் வண்டி ஓடல. டியூ நின்னுபோச்சு. உங்கக்கா செலின்கிட்டச் சொல்லியிருக்கலாம். ஆம்பளைல்ல நானு? போன்ல ஒரு ஆப்புல கடன் வாங்கினேன். அதைக் கட்ட இன்னொரு ஆப்பு. அதைக் கட்ட மூணாவது. ஆப்புன்னு சரியாத்தான்டா பேரு வச்சிருக்கான்.

— சிரிப்பா இருக்கா உங்களுக்கு?

— அன்னைக்கு அழுதேன்ல, இன்னைக்குச் சிரிச்சுக்கிறேன். போன்ல இருக்க நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்கினானுக. பங்குச்சாமிக்கே போன் போட்டு, 'உங்க கோயில் ஆளு காசு கட்டல'ன்னுட்டான். ஞாயித்துக்கிழமை பூசையில தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். தூணு ஒல்லி, நான் குண்டு.

— பெறகு எப்படித்தான் மீண்டு வந்தீக?

— செலின்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். திட்டுவான்னு பாத்தா, காலண்டர் தாளைக் கிழிச்சுக் குடுத்து, யாருக்கு எம்புட்டு, எதுக்கு வட்டி கூடன்னு எழுதச் சொன்னா. ஜீப்பை வித்தோம், ஃபைனான்ஸ் முடிஞ்சுச்சு. ஆப்புக் கடன் அறுபதாயிரம், அதையும் அடைச்சோம். இப்ப பழையபடி அடுத்தவன் ஜீப்புதான். ஆனா ஒருத்தனுக்கும் ஒத்தப் பைசா பாக்கி இல்ல. அதான் சொல்றேன், கடனை அடைக்கக் கடன் வாங்காத.

— இது அப்படி இல்ல மச்சான். வெளியில மூணு வட்டிக்கு வாங்கிட்டேன். மாசம் ஆயிரத்து எண்ணூறு வட்டிக்கே போகுது, அசல் அப்படியே நிக்குது. பேங்க்ல ஒரு வட்டிக்குத் தர்றேன்னாக. அதை வாங்கி இதை முடிச்சுட்டா, மாசம் மூவாயிரம் கட்டி ரெண்டு வருசத்துல வெளிய வந்துருவேன். அதுக்கு மேல ஒரு ரூபா கேக்கல.

— அட, இது கணக்கு! எனக்கு இந்த மூளை இருந்திருந்தா தூணுக்குப் பின்னாடி ஏன் நிக்கப்போறேன்? இம்புட்டு விவரமானவன் மூணு வட்டிக்கு ஏன் போன? வாழைக்கு உரம் வாங்கவா?

— இல்ல.

— உன் பொண்டாட்டி பிரின்சிக்கு நகையா?

— அவளுக்கே தெரியாது மச்சான். ஒருத்தருக்கு அவசரம். வாங்கிக் குடுத்தேன்.

— பொண்டாட்டிக்குத் தெரியாமயா? ஏலே, என்னைய விட மோசமாவுல இருக்க! எவனோ தின்னதுக்கு நீ வட்டி கட்டுற. எவன்டா அந்த வெக்கங்கெட்டவன்? வண்டியில ஏறு, அவன் சட்டையைப் பிடிச்சுக் கேப்போம்.

— வேணாம் மச்சான். கையெழுத்தை மட்டும் போடுங்க.

— பேரைச் சொன்னாத்தான் போடுவேன்.

— சொல்லக்கூடாதுன்னு அக்கா மாதா மேல சத்தியம் வாங்கியிருக்கு.

— செலினா? அவளுக்கு இதுல என்ன... ஏலே, இரு. ஆப்புக் கடனை அடைச்ச அறுபதாயிரம், அவ சீட்டு எடுத்த பணம்னுல என்கிட்டச் சொன்னா?

— அக்கா எந்தக் காலத்துல சீட்டுப் போட்டுச்சு மச்சான்?