மாடியில்தான் இறக்க வேண்டும்

தண்ணீர் கேன் வாங்கும்போது முதலில் மூடியைத்தான் பார்க்க வேண்டும். நாவலூரில் ஓட்டல் திறக்கப்போகிற நீங்கள் சமையல்காரர் சம்பளத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். தண்ணீர், சோடா, கூல்டிரிங்க்ஸை யாரிடம் வாங்குவது, எப்படி இறக்கிக்கொள்வது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

என் ஓட்டல் பள்ளிக்கரணையில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. முன்பு நாலு பேர் நாலு வேளையில் சரக்கு கொண்டுவருவார்கள். ஒரே பேஜார். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். சவுரிமுத்து என்று பெயர். சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்துக் கேன் தண்ணீர் போடுகிறவன்.

அதற்குத் தெருவே என்னை மெச்சியது. காரணம் இருக்கிறது. அந்த டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சவுரிமுத்து படகில் கேன் ஏற்றிக்கொண்டு வந்தான். மாடியிலிருந்தபடி பத்து கேன் கேட்டேன். சுற்றிலும் பால்கனிகளில் ஜனம் நின்றுகொண்டிருந்தது.

"பக்தா சாருக்கா? குடுத்தா ஒரு கேனை முன்னூறு ரூபாய்க்கு வித்துகினு இருப்பாரு. கைக்கொயந்த கீற வூட்டுக்கு மொதல்ல குடுப்போம்" என்றான்.

பால்கனி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். முன்னூறு என்பது அநியாயப் பழி. நான் நினைத்திருந்தது இருநூறுதான்.

அப்படிப் பேசியவனுக்கே மொத்த ஆர்டரையும் கொடுத்தால் ஊர் மெச்சாதா? பெரிய மனசு என்றார்கள். என் ஆர்டரை நம்பி அவன் மற்ற கடைகளை ஒவ்வொன்றாக விட்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாரம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவன் மனைவி ஞானம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவன் வேலைக்குத் திரும்பியதும் சரக்கு வாங்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினேன். பின்பக்கம் கயிறும் கப்பியும் கட்டிக் கேனை மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். கழற்றிவிட்டேன். கயிறு அறுந்து யார் தலையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது? இனி மாடியில்தான் இறக்க வேண்டும், கொண்டுவந்தவரே இறக்க வேண்டும் என்றேன். மொத்தமாக வாங்கி அடுக்க இடமில்லை. தேவைப்படும்போது போன் செய்வேன். பெரும்பாலும் உச்சி வெயிலில்தான் தேவைப்பட்டது.

"சார், கீழயே எறக்கிடட்டுமா? ரெண்டு மாடி ஏறுனா நெஞ்ச அடைக்குது சார். ஆள் போட்டா கட்டுப்படியாவாது."

"முடியலன்னா சொல்லிடு சவுரி, வேற ஆளப் பாத்துக்கிறேன். உன்னக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல" என்றேன்.

முடியும் என்றான். சமையல்காரர் கேசவன் கைகொடுக்கப் போனபோது அடுப்பைப் பார்க்கச் சொன்னேன்.

அன்று சித்திரை வெயில். கேன்களை ஏற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. ஒரு கேனில் மூடி சீல் விட்டிருக்கிறது, மாற்றிக் கொண்டுவா என்றேன். போனான், வந்தான். பிறகு பன்னீர் சோடா கிரேட்டைக் காட்டி, நான் கேட்டது லெமன் என்றேன். கேட்டது பன்னீர்தான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கிரேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். படிக்கட்டில் பாட்டில்கள் உடையும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள்.

நான் கல்லாவை விட்டு எழவில்லை. அந்த மூடியிலும் ஒரு குறையும் இல்லை. அவன் எந்தப் படியில் விழுவான் என்றுதான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். அடக்கத்துக்கு வந்த மாலைகளில் என்னுடையதுதான் பெரிது.

போன வாரம் ஞானம்மாள் வந்தாள்.

"வண்டி ஓட்டக் கத்துகினேன் சார். ஆர்டர மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அந்தக் கப்பியத் திரும்ப மாட்டுனீங்கன்னா புண்ணியமாப் போவும். எனக்கு மூட்டு வலி கீது" என்று கும்பிட்டாள்.

ஆர்டர் உனக்குத்தான் என்றேன். கப்பியைப் பற்றி, பார்க்கலாம் என்றேன்.

வெள்ளத்தன்று படகில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவன் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தவளும் அவள்தான். அதனாலென்ன? நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.