மதலேனாளின் மெழுகு மூக்கு

ஐயாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. வந்ததிலிருந்து பார்க்கிறேன், இடது பக்கமாகவே மூச்சு விடுகிறீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் இதே கதிதான். மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கியதும் பாதி ஊர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடக்கும். படுக்கப்போகும் முன் நொச்சித்தழை போட்டு ஆவி பிடியுங்கள். உத்தமபாளையத்தில் வேலியோரம் எல்லாம் நொச்சிதான்.

என் பெயர் சவரிராயன். குமாஸ்தா எழுதுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, என் வாயால் என் இஷ்டப்படி சொல்கிறேன் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளட்டும். பெண்டாட்டி மதலேனாளின் மூக்கை அறுத்தவன் என்று மிக்கேலைக் கொட்டடியில் அடைத்திருக்கிறீர்கள். அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் மூக்கைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும்.

நான் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெசராக இருந்தவன். போன மூக்கைத் திரும்பச் செய்கிற வித்தையை அங்கேதான் கற்றேன். ஊருக்கு வந்த பிறகு வேலைக்குக் குறைவில்லை. கோபம் வந்த புருஷன், மாட்டுத் திருடன், கோம்பை நாய் என்று இந்தப் பக்கம் மூக்குக்கு எமன்கள் அதிகம்.

வேலை இதுதான். மெழுகைத் தட்டி மெல்லிய தகடாக்கி, மூக்கு போன இடத்தில் வைத்து மூக்கு மாதிரி பிடிக்க வேண்டும். பிறகு அதை எடுத்து விரித்தால் அரசிலை போல ஒரு வடிவம் வரும். அதை நெற்றியில் தலைகீழாக வைத்துக் கோடு போட்டு, கோட்டின்மேல் தோலை அறுத்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, திருகிக் கீழே இறக்கித் தைக்க வேண்டும். துவாரம் அடைபடாமல் இருக்க இரண்டு ஆமணக்குத் தண்டு. புதுத் தோலுக்கு ரத்தம் அந்தப் புருவப் பாலம் வழியாகத்தான் வரும். தோல் பிடித்துக்கொண்ட பிறகு பாலத்தை வெட்டிவிடலாம். தோல் சுருங்கும், அதனால் அளவைவிடப் பெரிதாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் கை வைக்கிறவன் சுண்டைக்காய் அளவில் மூக்கு வைத்து அனுப்புவான்.

ஆளுக்கு ஆள் வேலை மாறும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். காவல்காரன் ஒச்சாண்டிக்கு அகல மூக்கு. மாட்டுத் திருடர்கள் அறுத்துவிட்டுப் போனார்கள். அகல மூக்குக்கு ஓரத்தில் தோல் கூடுதலாக விட்டு உள்ளே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கின் இரண்டு பக்கமும் சப்பென்று ஒட்டிவிடும். அத்தனை பாடுபட்டு மடித்துத் தைத்தேன். அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, நல்லா எடுப்பா வையின்னுதான சொன்னேன்?" என்றான். எங்கள் தெருவில் பருத்தி கொட்டை எடுக்கிற அக்கம்மாளுக்குக் குறுகிய நெற்றி. நேராக எடுத்தால் தலைமுடியும் சேர்ந்து வரும் என்று சாய்வாக எடுத்தேன். அப்படியும் நுனியில் நாலு முடி. "ஆத்தா, உலகத்துலயே மூக்கைச் சிரைக்கிறவ நான் ஒருத்திதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அந்த மூக்கு இல்லாவிட்டால் அவள் யார் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள்?

கம்பத்து ஏலக்காய் வியாபாரி அப்துல் காதரை நாய் கவ்விவிட்டது. அவருக்கு வளைந்த மூக்கு இருந்தது என்று மனைவி அம்சத் பீவி சொன்னார். வளைவே கிடையாது என்றார் தம்பி. "எங்க அத்தா மூக்கு மாதிரி இருக்கும்" என்றார் அப்துல் காதர். அவர் தகப்பனார் இறந்து எத்தனையோ காலம் ஆயிற்று. காணாமல் போன மாட்டுக்கு அடையாளம் கேளுங்கள், சுழி முதற்கொண்டு சொல்வார்கள். தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற மனுஷனுக்கு மூக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் செய்து வைத்தால் "இது இல்லை" என்பதற்கு மட்டும் தெரியும். இதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியாற்றில் அணை கட்டுகிற இடத்துக்குப் போகிற வழியில் ஒரு டாக்டர் துரை எங்கள் ஊர்ச் சத்திரத்தில் தங்கினார். மூக்கு வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் காட்டச் சொன்னார். மூன்று பேரையும் தலை வாரி, முகம் கழுவி வரச்சொல்லி, வரிசையாக நிறுத்தினேன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அவர் முன்னால் நடந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு அரைகுறைத் தமிழில், "மூணு பேரும் ஒரு அம்மா பிள்ளையா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். சத்திரத்துச் சமையல்காரன் சிரித்தான். ஒச்சாண்டி சிரித்தான், அதுவும் நான் வைத்த மூக்கை விடைத்துக்கொண்டு.

துரை கெட்டவர் இல்லை. என் தோளைத் தட்டி, "நீ மூக்கு செய்கிறாய். இவர்களுடைய மூக்கைச் செய்யவில்லை. முன்னால் இருந்ததையே திரும்பச் செய்து காட்டு, மதராஸுக்கு அழைத்துப் போகிறேன்" என்றார். யோசித்தபோது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. முன்னால் இருந்த மூக்கைச் செய்ய வேண்டுமானால் முன்னாலேயே அளவு எடுத்திருக்க வேண்டும். மூக்கு உள்ளவர்கள் யாரும் மூக்குச் செய்கிறவனிடம் வருவதில்லை. இதுதான் சிக்கல்.

மதலேனாள் வந்தாள்.

அவளுக்குப் பீனிசம். காலை எழுந்ததும் அடுக்குத் தும்மல், தலைபாரம், மூக்கிலிருந்து தண்ணீராய் ஊற்றும். குணமாக வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகு மூக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். ஐயா எங்கள் வேதத்துக்காரர் இல்லை, அதனால் சொல்கிறேன். கண் நோவு என்றால் மெழுகில் கண், கால் நோவு என்றால் கால் செய்து திருநாளில் கோவிலில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். மெழுகு வேலை என் கைக்குப் பழக்கம் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் செய்துகொடுப்பேன். வழக்கமாக ஏதோ ஒரு மூக்கு செய்தால் போதும், மாதா அளவெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவள் வந்து நின்றபோது அவள் மூக்கைப் பார்த்தேன். நேராக இறங்கி, நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்ன மேடு. இடது துவாரம் கொஞ்சம் உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்திக்குக் குத்தியிருந்தது. இதுவரை நான் பார்த்ததில் செய்யக் கஷ்டமான மூக்கு அதுதான்.

"உன் மூக்குமேலேயே வைத்து எடுத்துவிடுகிறேன், மாதாவுக்கு நிஜமாக இருக்கட்டும்" என்றேன். எண்ணெய் தடவி, இளஞ்சூட்டு மெழுகை வைத்து அழுத்தினேன். "சுடுதுண்ணே" என்று சிரித்தாள். அந்த அச்சில் இரண்டு மூக்கு வார்த்தேன். மாதாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

என்னுடையதை வேலைப் பலகையில் வைத்து நாள்கணக்கில் பார்த்தேன். அறுக்கிறவர்கள் கோபத்தில் அறுக்கிறார்கள். எலும்பைச் சிதைத்து, நடுத்தண்டைப் பிடுங்கி, பிறகு என்னிடம் கொண்டுவந்து போட்டால் நான் என்ன செய்வேன்? எந்த இடத்தில் எடுத்தால் திரும்ப வைப்பது சுலபம் என்று யோசிக்கிறவன் ஒருவனும் இல்லை. நான் யோசித்தேன். ஊசியால் மெழுகின்மேல் சுற்றிலும் ஒரு கோடு கீறினேன்.

மிக்கேல் கள் குடிப்பான். அவள் வாயடிப்பாள். வாய்க்கால் கரையில் பத்துப் பேர் நடுவில், "இந்தா, பேசாம இரு, மூக்கை அறுத்துப்புடுவேன்" என்பான். இந்தப் பக்கத்துப் புருஷன்மார் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்பதுபோலச் சொல்கிற வார்த்தை அது. அவன் அவள்மேல் கை வைத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

திருநாள் முடிந்து அறுப்புக் காலம் வந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மிக்கேல் கள்ளைக் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் விழுவான், அவள் தோட்டத்துக் குடிசையில் கொஞ்ச நேரம் கண்ணயர்வாள். பீனிசத்துக்கு என்று சொல்லி அபின் கலந்த சூரணம் கொடுத்திருந்தேன், சோற்றுக்குப் பிறகு சாப்பிடச் சொல்லி. கிளம்பும் முன் வீட்டில் வெந்நீர் போட்டு வைத்தேன். துணி கிழித்து வைத்தேன், ஊசியில் நூல் கோத்து வைத்தேன். இந்த அக்கறை எந்தப் புருஷனுக்கு இருக்கும், எந்தத் திருடனுக்கு இருக்கும்? குடிசைக்குப் போய், கீறியிருந்த கோட்டின்படியே எடுத்தேன். எலும்பு தப்பியது, நடுத்தண்டில் பாதி தப்பியது. வெளியே வரும்போது மிக்கேலின் அரிவாளில் கொஞ்சம் ரத்தம் தடவினேன். அது தேவையாக இருந்தது.

நான் வீட்டுக்குப் போய்க் கை கழுவி உட்கார்ந்த சற்று நேரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். மிக்கேல்தான். "அண்ணே, பாருங்கண்ணே, எந்தப் பாவியோ... காப்பாத்துங்கண்ணே" என்று என் காலைப் பிடித்தான். அவன் உடம்பெல்லாம் ரத்தம். போலீசார் என் வாசலில் வைத்தே அவனைப் பிடித்தார்கள். யாரையும் பார்க்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன் என்று அவள் சொன்னாள். அவளும் ஒருவேளை அவன்தானோ என்று நினைத்திருக்கலாம்.

நான் என் வேலையைச் செய்தேன். அப்படி ஒரு தையல் என் ஆயுளில் போட்டதில்லை. நெற்றி விசாலம், தோல் நல்ல தோல். மெழுகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன மேட்டைக்கூட விடாமல் பிடித்தேன். ஊரில், "மெழுகு மூக்கு பத்தாதுன்னு மாதா நெச மூக்கையே எடுத்துக்கிட்டாக" என்று பேசிக்கொண்டார்கள். சாமியார் பிரசங்கத்தில் கண்டித்தார். எனக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை.

ஆனால் அவள் அழுதாள். புருஷனைக் கொட்டடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அழுதாள். "ஒருத்தர் கண்ணீரும் இவ்வளவு உப்புக் கிடையாது, தையல் ஊறிப்போகும், நிறுத்து ஆத்தா" என்று எத்தனை தடவை சொன்னேன். விக்கி விக்கி அழுததில் ஆமணக்குத் தண்டு நழுவியது. மறுபடி வைத்தேன். மறுபடி நழுவியது. நான் என்னதான் செய்வேன்?

பிறகு நடந்தது ஐயாவுக்குத் தெரியும். பாலத்தை வெட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குப் போயிருக்கிறாள். மாதா பீடத்துக்குப் பக்கத்தில் தன் மெழுகு மூக்கு தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். அதைச் சுற்றி ஒரு கோடு. திருநாள் நெருக்கடியில் கைகளும் கால்களும் கண்களுமாகக் கூடை நிறைய இருந்தன. கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ராஜமணி அவசரப்படுத்தினார். கீறாததை என்னிடம் வைத்துக்கொண்டு கீறியதைக் கூடையில் போட்டுவிட்டேன். கோடு என் கைக்கு மனப்பாடம், அதனால் என்னிடம் இருந்ததில் அது இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவள் மூக்கு போவதற்கு முன்பே, அது எங்கே அறுபடும் என்பது சாமியார் முதல் சின்னப் பிள்ளைகள் வரை எல்லார் கண்ணுக்கும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் சொன்னேனே, இவர்கள் மூக்கைப் பார்ப்பதில்லை.

அவள் மட்டும் பார்த்தாள். ராஜமணியிடம் கேட்டு வாங்கி, கோட்டின்மேல் விரலை ஓட்டி, பிறகு தன் முகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராக இங்கே நடந்து வந்துவிட்டாள்.

நீங்கள் என்னைப் பிடித்துவந்ததும், பாலத்தை நான் வெட்டுகிறேன் என்று கெஞ்சினேன். வேறு யாரோ வெட்டினால் கெட்டுவிடும், அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவள் கதவுக்கு வெளியே நின்று, "இன்னொருக்க அந்தக் கை என் மூஞ்சில படக்கூடாது" என்று சொன்னது எனக்கும் கேட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வெட்டினார். பரவாயில்லை, மோசமாக வெட்டவில்லை.

இன்று காலை அவளை இங்கே கூட்டிவந்தீர்கள். மேஜையில் அந்த மெழுகு மூக்கு இருந்தது. அவள் முக்காட்டை எடுத்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றாள். "இது யாரு மூக்கு?"

நான் மெழுகைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். சத்தியம் செய்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். மேடு இல்லை. இடது துவாரம் உயரவில்லை. நடு அமுங்கி, நுனி உருண்டு கிடந்தது. அது ஒச்சாண்டியின் மூக்கு. அக்கம்மாளின் மூக்கு. அப்துல் காதரின் மூக்கு. துரை இப்போது வந்தாலும் அதையேதான் கேட்பார்.

மிக்கேலை விட்டுவிடுங்கள். அவனுக்கு வெள்ளரிப்பிஞ்சைக்கூட நேராக நறுக்கத் தெரியாது. அறுத்தது நான். கோடு சரி, கத்தி சரி, தையல் சரி. இதில் என்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. எதற்காக அழுதாள் என்பது வேறு விஷயம், அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். அழாத ஒருத்தியாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.